இரும்புக் கோழியும் ஈயச் சொம்பும்

1

நான் சுட்டு வீழ்த்திய முதல் மிருகம் ஒரு கோழி. ஐம்பது மீட்டர் தூரத்தில் ஒரு சட்டத்தின் மேல் பக்கவாட்டில் நின்றுகொண்டிருந்தது. விசையை அழுத்தினேன். 'டங்' என்று சத்தம் வந்தது, கோழி பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடாத வீட்டில் பிறந்தவள் நான். பக்கத்தில் நின்ற லின் என் முதுகில் தட்டி, "இன்றைக்கு ராத்திரி உங்கள் வீட்டில் கோழிக் குழம்புதான், வசந்தா" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

பயப்பட வேண்டாம். அது இரும்புத் தகட்டில் வெட்டிய கோழி. ஆஸ்திரேலியாவில் ரிவால்வரை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் வேட்டைக்குப் போகச் சட்டம் விடாது. லின் சில வருஷம் அமெரிக்காவில் இருந்தவள். அங்கே ரிவால்வரோடு மான் வேட்டைக்குப் போனதாகச் சொல்வாள். இங்கே அந்த ஆசைக்கு மாற்றாக எங்கள் கிளப்பில் இரும்பு மிருகங்களை வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். முதலில் கோழி, அப்புறம் பன்றி, வான்கோழி, கடைசியில் ரொம்ப தூரத்தில் ஆட்டுக்கடா. வேட்டை முடிந்ததும், செத்த மிருகங்களை நாங்களே நடந்து போய்த் தூக்கி நிறுத்திவிட்டு வர வேண்டும்.

நான் மெல்போர்னுக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. டண்டினொங்கில் ஒரு நிறுவனத்தில், தொழிற்சாலைகளின் தராசுகளைச் சரிபார்க்கும் வேலை. லின் என் கூட வேலை பார்ப்பவள், என்னைவிட நாலு வயது மூத்தவள். அவள்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "சும்மா வந்து பார்" என்று மலையடிவாரத்து கிளப்புக்கு அழைத்துப் போனாள். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக ஒரு காரியம் எனக்குக் கைவந்தது என்றால் அது இதுதான். தஞ்சாவூரில் இருக்கும் என் தங்கைக்குப் போனில் சொன்னேன். "வேற எதுவுமே கிடைக்கலியாடி உனக்கு? கோலம் போடேன்" என்றாள்.

லைசென்ஸ் வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. 'எதற்காகத் துப்பாக்கி வேண்டும்' என்று படிவத்தில் ஒரு கேள்வி. என் கணவர் சேகர், "பாதுகாப்புக்குன்னு போடு, அப்பதான் உடனே குடுப்பான்" என்று சொல்ல, நானும் அப்படியே எழுதப் போனேன். லின் பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். இந்த நாட்டில் அந்த ஒரு பதில் போதும், வாழ்நாள் முழுக்கக் கிடைக்காதாம்.

அப்புறம் துப்பாக்கியைப் பூட்டிவைக்கும் இரும்புப் பெட்டியைப் பார்வையிட ஒரு போலீஸ்காரர் வீட்டுக்கு வந்தார். ஆயுத பூஜை முடிந்த வாரம் அது. பெட்டிக் கதவில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தேன். அவர் குனிந்து, "கதவில் சிவப்பாக இருக்கிறதே, அது என்ன?" என்று கேட்டார். நான் விளக்குவதற்குள் சேகர் முறுக்குத் தட்டோடு வந்து, வருஷத்துக்கு ஒரு நாள் காருக்கு, கம்ப்யூட்டருக்கு, மிக்ஸிக்கு எல்லாம் வைப்போம் என்று ஒரு பிரசங்கமே செய்துவிட்டார். போலீஸ்காரர் இரண்டு முறுக்கு சாப்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

2

கடையில் விற்கும் தோட்டாவைச் சுடுவது ஓட்டலில் சாப்பிடுவது மாதிரி. பசி அடங்கும், அவ்வளவுதான். என் தோட்டாவை நானே செய்துகொள்ள ஆரம்பித்த பிறகுதான் எனக்கு இதில் பைத்தியம் பிடித்தது.

வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட். அதில் ஒரு மின் அடுப்பு, காரீயம் உருக்க ஒரு பானை, ஒரு கரண்டி, இரண்டு கைப்பிடி வைத்த அச்சு. உருகிய உலோகத்தை அச்சில் ஊற்றி, ஆறியதும் தட்டினால் குண்டு விழும். அச்சு சூடேறும் வரைக்கும் வருவதெல்லாம் சுருக்கம் விழுந்துதான் வரும். முதல் தோசை சரியாக வராததைப் போலத்தான். அவற்றைத் திரும்பப் பானையிலேயே போட்டுவிட வேண்டும். நல்லதாக வந்ததை ஒவ்வொன்றாகத் தராசில் வைப்பேன். என் அச்சில் நூற்று ஐம்பத்தெட்டு கிரெயின் வர வேண்டும். கிரெயின் என்பது குந்துமணியைவிடச் சின்ன எடை. ஒன்றிரண்டு குறைந்தால் உள்ளே காற்றுக்குமிழி இருக்கிறது என்று அர்த்தம், அதுவும் பானைக்கே போகும்.

பித்தளைக் கூடுகளில் வெடிமருந்து போடும்போது நான் யாரோடும் பேசமாட்டேன். ஐம்பது கூடுகளை ஒரு கட்டையில் வரிசையாக நிறுத்தி, மருந்து போட்டு முடித்ததும், டார்ச் அடித்து ஒவ்வொன்றின் உள்ளேயும் பார்ப்பேன். ஒன்றில் மருந்து விட்டுப்போனாலும் குண்டு குழலிலேயே நின்றுவிடும். அடுத்ததைச் சுட்டால் கையில் இருப்பது வெடிக்கும். சேகர் ஷெட் வாசலில் நின்று, "காபி குடிக்கிறியா?" என்று கேட்டாலும் பதில் வராது என்பது அவருக்குப் பழகிவிட்டது. முப்பது வருஷத் தாம்பத்தியத்தில் என்னைப் பேசாமல் இருக்கவைத்த ஒரே சாதனம் இதுதான் என்று கோயிலில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

காரீயம், இங்கே லெட் என்பார்கள், விஷம் என்று எனக்குத் தெரியும். ஆகவே ஷெட்டுக்கென்று தனிச் செருப்பு, தனி உடுப்பு, கையுறை, முகமூடி, ஜன்னலில் பெரிய காற்றாடி வைத்திருந்தேன். வெளியே வந்ததும் தோட்டத்துக் குழாயிலேயே முழங்கைவரை தேய்த்துக் கழுவிவிட்டு, நேரே குளியலறைக்குப் போவேன். சாமி அறைக்குக்கூட நான் அவ்வளவு மடியாகப் போனதில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை ரத்தத்தில் ஈய அளவும் பார்த்துக்கொள்வேன். ஐந்துக்குக் கீழே இருக்க வேண்டும். எனக்கு எப்போதும் மூன்று.

3

போன டிசம்பரில் ஒன்பது வந்தது.

அப்போது என் மகள் மீராவுக்கு ஐந்தாவது மாதம். அவள் எங்களுக்கு ஒரே பெண். ஏழு வயதில் இங்கே வந்தவள். தமிழ் புரியும், பாதி பேசுவாள், மீதியை ஆங்கிலத்தில் முடித்துவிடுவாள். கட்டிக்கொண்டது பிரணவனை. யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்குப் பிறந்து இங்கே வளர்ந்த பையன். அவன் தமிழ் என் பெண்ணின் தமிழைவிட நூறு மடங்கு நன்றாக இருக்கும். என்னை வாய் நிறைய "மாமி" என்பான். கேரம் டவுன்ஸில், கோயிலுக்கு ஐந்து நிமிஷத் தூரத்தில் அவர்கள் வீடு.

மீராவுக்கு நான் துப்பாக்கி எடுத்தது ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. "என் தோழிகளின் அம்மாக்கள் எல்லாம் யோகாவுக்குப் போகிறார்கள், நீ மட்டும் ஏன் இப்படி" என்று கேட்டவள் அவள். அவளிடம் ஒன்பதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை, சொல்லிவிட்டேன். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"அம்மா, லெட் பேபிக்கு என்ன பண்ணும் தெரியுமா? மூளைக்குப் போகும். நீ முதல்ல அதை நிறுத்து. நம்பர் கீழே வர்ற வரைக்கும் நீ இங்க வர வேண்டாம். ப்ளீஸ்."

"நான் குளிச்சிட்டுத்தானே வர்றேன்."

"ஐ நோ. பட் வேண்டாம்."

சரி என்றேன். என் பெண்ணின் வயிற்றில் இருப்பது அவளுக்குப் பிள்ளை, எனக்குப் பேரக்குழந்தை. அதற்கு ஒரு கெடுதல் என்னால் வருமென்றால் இரும்புக் கோழி என்ன பெரிய கோழி. அன்றைக்கே ஷெட்டைப் பூட்டிச் சாவியைச் சேகரிடம் கொடுத்தேன். கிளப்புக்கும் போகவில்லை. வருஷத்துக்கு இத்தனை தடவை போயே ஆக வேண்டும், இல்லாவிட்டால் லைசென்ஸ் போய்விடும் என்று லின் ஞாபகப்படுத்தினாள். போனால் போகட்டும் என்றேன்.

ஆனால் மகள் வீட்டு வாசலை மிதிக்காமல் இருப்பது சுலபமாக இல்லை. அவளுக்கு மசக்கை ரொம்ப மோசம். செப்டம்பரிலிருந்தே வாரம் தவறாமல் ஒரு பெரிய பாட்டில் நிறைய ரசம் வைத்துக் கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தேன். என் ரசம் மட்டும்தான் அவளுக்கு உள்ளே தங்குகிறது என்று மாப்பிள்ளையே சொன்னான். நான் போகக் கூடாதென்றால் என்ன, ரசம் போகலாமே. ஒவ்வொரு ஞாயிறும் சேகர் பாட்டிலைக் காரில் எடுத்துக்கொண்டு போய், சென்ற வாரத்து வெறும் பாட்டிலோடு திரும்பி வருவார். கழுவித் துடைத்த அந்தப் பாட்டிலைப் பார்த்தால் எனக்கு ஒரு நிம்மதி. வழக்கத்தைவிட அதிகமாகவே வைத்தேன். ஒரு வாரம் தக்காளி, ஒரு வாரம் எலுமிச்சை, ஒரு வாரம் மிளகு சீரகம்.

4

ரத்தத்தில் ஈயம் ஐந்தைத் தாண்டினால் இங்கே டாக்டர் சும்மா இருக்க முடியாது, அரசாங்கத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். ஜனவரியில் சுகாதாரப் பிரிவிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். அன்பான குரல், கையில் நீளமான கேள்வித்தாள். வீடு எந்த வருஷம் கட்டியது? பழைய பெயின்ட்டைச் சுரண்டினீர்களா? கண்ணாடிக் கைவேலை உண்டா? கண்மை, குங்குமம், நாட்டு மருந்து?

துப்பாக்கி சுடுவேன், குண்டு வார்ப்பேன் என்று நானே சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் கீபோர்டு சத்தம் உற்சாகமாகக் கேட்டது. விடை கிடைத்துவிட்டது என்று அவளுக்குத் தோன்றியிருக்கும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இருந்தாலும் தாளை முடிக்க வேண்டுமே.

"வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த சமையல் பாத்திரம் ஏதாவது உண்டா?"

இல்லை என்றேன்.

என் சமையலறையில் ஒரு ஈயச் சொம்பு இருந்தது. அந்த நொடி அது என் நினைவுக்கு வந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரசம் வைக்கும் சொம்பு வெள்ளீயத்தில் செய்வது. குண்டு வார்ப்பது காரீயத்தில். இரண்டும் வேறு வேறு உலோகம், வெள்ளீயத்தால் ஒரு கெடுதலும் இல்லை. வாரம் தவறாமல் காரீயம் உருக்குகிற எனக்கு அந்த வித்தியாசம் தெரியாதா? இதைப்போய் இந்தப் பெண்ணுக்கு ஆங்கிலத்தில் விளக்கி, அவள் அதையும் எழுதிக்கொண்டு, பாவம், எதற்கு என்று நினைத்தேன்.

அந்தச் சொம்புக்கு ஒரு கதை உண்டு. கல்யாணத்தில் எனக்கு வந்த பழைய சொம்பு மெல்போர்னில் நாங்கள் இருந்த முதல் வாடகை வீட்டிலேயே போய்ச் சேர்ந்தது. மின்சாரக் காயில் அடுப்பு எனக்குப் புதிது. அணைத்துவிட்டேன் என்று நினைத்து வெறும் சொம்பை அதன் மேல் வைத்துவிட்டுப் போனில் பேசப் போனேன். திரும்பி வந்தால் அடுப்பில் பாதரசம் மாதிரி ஒரு குட்டை பளபளத்துக்கொண்டிருந்தது. ஈயச் சொம்பு வைத்திருக்கும் வீட்டில் இது ஒரு தடவையாவது நடக்கும், கேட்டுப் பாருங்கள். அதற்கப்புறம் இருபது வருஷம் எவர்சில்வரில்தான் ரசம். போன வருஷம் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோதுதான் புதிதாக ஒன்று வாங்கிவந்தேன்.

கடையில் ஒரே அளவில் நாலைந்து சொம்பு இருந்தது. நாம் பாத்திரம் வாங்குகிற லட்சணம் தெரியுமே. ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்போம், கையில் கனமாக இருப்பதை எடுப்போம். கனமென்றால் கெட்டி, கெட்டி என்றால் நல்லது. நான் எல்லாவற்றையும் தூக்கிப் பார்த்து, உள்ளதிலேயே கனமானதை எடுத்துக்கொண்டு வந்தேன். விமானத்தில் கைப்பையில் மடிமேல் வைத்துக்கொண்டு வந்தேன்.

5

ஆறு வாரம் காரீயத்தின் பக்கமே போகவில்லை. எண் பாதியாகக் குறைந்திருக்கும் என்றார் டாக்டர். ஜனவரிக் கடைசியில் பார்த்தால் பதினொன்று.

டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஒளிந்துகொண்டு ஷெட்டுக்குப் போகிறேன் என்று நினைத்திருப்பார். "வீட்டில் வேறு யாராவது ரத்தப் பரிசோதனை செய்துகொண்டார்களா?" என்று கேட்டார். சேகரை அழைத்துப் போனேன். ஷெட்டின் உள்ளே அவர் இதுவரை கால்வைத்ததில்லை. அவருக்குப் பதிமூன்று வந்தது.

சேகர் காரில் ஏறி உட்கார்ந்து, "நான் எங்கடி துப்பாக்கி சுட்டேன்?" என்றார். "எனக்கு ஏன் உன்னைவிட ஜாஸ்தி?"

இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரே தண்ணீர் குடிக்கிறோம். அவர் என்னைவிட அதிகமாகச் செய்கிற காரியம் என்ன? தூங்குவார். அதற்கு ஈயம் ஏறாது. மவுன்டன் ஹைவே சிக்னலில் பச்சை விழுந்தது, பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்தான், நான் வண்டியை எடுக்கவில்லை. சாப்பாட்டுக்கு நடுவில் ஒரு டம்ளர், கடைசியில் ஒரு டம்ளர் என்று இந்த மனிதர் தினமும் ரசம் குடிப்பார். நான் சாதத்தில் ஊற்றிக்கொள்வதோடு சரி.

வீட்டுக்கு வந்ததும் சொம்பைக் கையில் எடுத்தேன். முதல் தடவையாக அதை ஒரு பாத்திரமாகப் பார்க்காமல் ஒரு உலோகமாகத் தூக்கிப் பார்த்தேன். கனத்தது. வெள்ளீயம் எடை குறைந்தது, காரீயம் எடை கூடியது. இதைச் சொல்லித்தான் நான் சம்பளம் வாங்குகிறேன்.

சேகரிடம் சாவியைக் கேட்டேன். "மீராவுக்கு வாக்குக் குடுத்திருக்கே" என்றார்.

"அவளுக்காகத்தான். குடுங்க."

பிப்ரவரி வெயிலில் ஷெட் கொதித்தது. மடி உடுப்பு, கையுறை, முகமூடி எல்லாம் போட்டுக்கொண்டு, பானையைச் சுத்தமாகத் துடைத்து, சொம்பைக் கத்தரித்துத் துண்டு துண்டாகப் போட்டேன். சீக்கிரமே உருகியது. என் அச்சில் ஊற்றினேன். முதல் மூன்றும் சுருக்கம் விழுந்தன. நாலாவது நன்றாக வந்தது. தராசுக்கு முன்னால் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டேன். அந்த அச்சில் சுத்த வெள்ளீயம் ஊற்றியிருந்தால் நூற்றைந்து காட்ட வேண்டும்.

நூற்று முப்பத்தொன்று காட்டியது.

தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து மறுபடி வைத்தேன். இன்னொரு குண்டு வார்த்து வைத்தேன். இருபத்திரண்டு வருஷமாகத் தராசு சரியா தவறா என்று ஊராருக்குச் சான்றிதழ் கொடுப்பவள் நான். இந்தத் தராசு தவறாக இருக்க வேண்டும் என்று அன்றைக்கு வேண்டிக்கொண்டேன். அது தவறாக இல்லை. சொம்பில் கிட்டத்தட்டப் பாதி காரீயம். புளித்தண்ணீரைக் கொதிக்கவைத்தால் அதில் நன்றாக இறங்கும்.

அதில்தான் செப்டம்பரிலிருந்து என் பெண்ணுக்கு ரசம் வைத்து அனுப்பிக்கொண்டிருந்தேன். ஷெட்டிலிருந்து ஒரு தூசுகூட அவள் மேல் படக் கூடாது என்று அவள் வாசலைக்கூட மிதிக்காமல், சமையலறையிலிருந்து பாட்டில் பாட்டிலாக ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். ஷெட் தரையில் உட்கார்ந்து அழுதேன். சேகர் உள்ளே வந்தார். அந்த ஷெட்டுக்குள் அவர் வந்தது அதுதான் முதல் தடவை.

6

போனில் சொல்லக் கூடாது என்று இரண்டு பேருமே நினைத்தோம். சனிக்கிழமை காலை கிளம்பினோம். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். சேகர்தான் ஓட்டினார். கேரம் டவுன்ஸ் திரும்பியபோது கோயில் பக்கம் கை கூப்பினார். நான் கூப்பவில்லை. எதைக் கேட்பது என்று தெரியவில்லை.

மீரா கதவைத் திறந்தாள். ஏழு மாத வயிறு. எட்டு வாரத்துக்குப் பிறகு பார்க்கிறேன். நான் வாசற்படியிலேயே நின்றேன்.

"உள்ள வரல. ஒண்ணு சொல்லிட்டுப் போயிடறேன். ஷெட் இல்லடி. ரசச் சொம்பு. அதுல காரீயம் கலந்திருக்கு. நான் வெயிட் போட்டுப் பார்த்துட்டேன். அப்பாவுக்குப் பதிமூணு. நீ திங்கட்கிழமையே பிளட் டெஸ்ட் எடுக்கணும். தப்பு என்மேலதான். அந்த கவர்ன்மென்ட் பொண்ணு பாத்திரம் இருக்கான்னு கேட்டா, நான் இல்லைன்னுட்டேன்."

ஒத்திகை பார்த்ததில் ஒரு வரிகூட இதில் இல்லை. மீரா என்னைப் பார்க்கவில்லை. திரும்பி, ஹாலில் நின்ற பிரணவனைப் பார்த்தாள். அவன் முகம் ஒரு மாதிரி ஆனது. இரண்டு பேருக்கும் நடுவில் ஏதோ பேச்சு வார்த்தையில்லாமல் நடந்தது.

"அம்மா," என்றாள் மீரா. "கோவிச்சுக்காதே. ஓகே?"

"நான் எதுக்குக் கோவிச்சுக்கணும்?"

"நான் குடிக்கல. ரசம். ஃபர்ஸ்ட் வீக் ஒரு ஸ்பூன் டேஸ்ட் பண்ணேன், பெருங்காயம் ஸ்மெல், உடனே வாமிட். அப்புறம் தொடவே இல்ல. நீ ஃபீல் பண்ணுவேன்னு சொல்லல."

"பாட்டில் காலியா வந்துதே."

பிரணவன் ஒரு அடி முன்னால் வந்தான். பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பையனைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"மாமி, அது நான்தான் குடிச்சனான். நீங்கள் இவ்வளவு கஷ்டப்பட்டு அனுப்புறியள், ஊத்திறதுக்கு மனம் வரேல்லை. முதல்ல மரியாதைக்குத்தான் குடிச்சன். பிறகு நல்லாப் பிடிச்சுப்போச்சு."

"இவளுக்கு உள்ள தங்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஓம் மாமி. பொய் சொன்னனான்."

ஐந்து மாதமாக நான் கொடுத்தனுப்பிய எதையும் என் பெண் வாயில் வைக்கவில்லை. அதை என்னிடம் மறைக்க என் மாப்பிள்ளை பொய் சொல்லியிருக்கிறான். வேறொரு நாளாக இருந்திருந்தால் ஒரு வாரம் பேசியிருக்கமாட்டேன். நான் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஒரு ஸ்பூன்தானா?" என்றேன்.

"ஒரு ஸ்பூன்தான். சாரிம்மா."

"சாரி சொல்லாதே. இன்னொரு தடவை சொல்லு."

"என்னத்தை?"

"குடிக்கலன்னு சொல்லு."

அவள் சொன்னாள். நான் மூன்று தடவை சொல்லவைத்தேன். சேகர் பின்னால் நின்று மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

7

எல்லோரும் ரத்தம் கொடுத்தோம். மீராவுக்கு ஒன்றுக்கும் கீழே. குழந்தைக்குக் கவலையில்லை என்று அவளுடைய டாக்டர் சொன்னார். பிரணவனுக்கு எட்டு. குடிப்பதை நிறுத்தினாலே தானாக இறங்கிவிடும் என்றார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் அதேதான் மருந்து. மாப்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்க நான் வாயைத் திறந்தால் அவன் பேச்சை மாற்றிவிடுகிறான். எவர்சில்வரில் வைத்த ரசம் வேண்டுமா என்று கேட்டதற்கு, "ஓம் மாமி, ஆனா நிறுத்துப் பாத்துப்போட்டுத் தாங்கோ" என்றான்.

சுகாதாரப் பிரிவுக்கு நானே போன் செய்து, அந்தக் கேள்விக்கு என் பதிலைத் திருத்த வேண்டும் என்றேன். உருக்காமல் மிச்சமிருந்த விளிம்புத் துண்டை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொன்னார்கள். அவர்கள் பெரிய இயந்திரத்தில் பார்த்துச் சொன்னதும் என் தராசு சொன்னதுதான். உங்கள் வீட்டில் புதிதாக வாங்கிய ஈயச் சொம்பு இருந்தால், அது கையில் கனமாக இருக்கிறதே என்று பெருமைப்படுபவராக இருந்தால், தயவுசெய்து ஒரு தடவை சோதித்துவிடுங்கள். இந்தக் குறிப்பை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

சொம்பை உருக்கியதில் மொத்தம் பதினாலு நல்ல குண்டு வந்தது. வெள்ளீயம் நிறையச் சேர்ந்ததால் வெள்ளி மாதிரி பளபளவென்று இருந்தன. இவ்வளவு அழகான குண்டை இதுவரை பார்த்ததில்லை என்றாள் லின். கிளப்பில் அந்தப் பதினாலையும் சுட்டதில் ஒன்பது தடவை பன்றி விழுந்தது. என் லைசென்ஸும் பிழைத்துக்கொண்டது.

எங்கள் ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை மீரா போன் செய்தாள். வா என்றாள். வரும்போது என்ன கொண்டுவரட்டும் என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன்.

"ரசம் வேண்டாம்" என்றாள். "அம்மா, ஸ்கூலுக்குக் கட்டிக் குடுப்பியே. பிரெட்ல சீஸ் வெச்சு, மேல இட்லி மிளகாய்ப்பொடி போட்டு, டோஸ்ட் பண்ணி. அது வேணும். மாசக் கணக்கா அதேதான் வேணும்போல இருக்கு. நானே பண்ணிப் பார்த்தேன், வரல."

நான் ரெண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. காலையில் ஒழுங்காக ஒரு சாதம் கட்டிக்கொடுக்க நேரமில்லாமல், கையில் கிடைத்ததை ரொட்டிக்கு நடுவில் வைத்து, வெட்கப்பட்டுக்கொண்டே டப்பாவை மூடிக் கொடுப்பேன். பெண்ணுக்கு நம் சாப்பாட்டைப் பழக்காமல் விட்டுவிட்டோமே என்று இருபது வருஷமாக அதை நினைத்தால் எனக்கு மனசு உறுத்தும்.

"ஏண்டி முன்னாலயே கேக்கல?"

"நீ ரசம்தான் குடுப்பே."

அவள் வீட்டு அடுப்பில், அவள் வாங்கி வைத்திருந்த ரொட்டியில், நான் வறுத்து அரைத்த பொடியைத் தூவிச் செய்துகொடுத்தேன். மீரா நின்றபடியே, விரலைச் சுட்டுக்கொண்டு இரண்டு சாப்பிட்டாள். மூன்றாவது கேட்டாள். ரொட்டி தீர்ந்திருந்தது. சேகரும் பிரணவனும் ஒரே நேரத்தில் கார் சாவியைத் தேடினார்கள்.